பேச்சையும் எழுத்தையும் மொழியியலாளர்கள் எப்படி ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிவு செய்த ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே எழுத முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு பேர் ஒரு சாவியைத் தேடிக்கொண்டே பேசிக்கொள்ளும் பதிவு அது, பெரிய விஷயமே இல்லை. எழுதி முடித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டால், நான் எழுதியதில் கணிசமான பகுதி அவர்கள் சொல்லாதது. அவர்கள் விழுங்கிய விகுதிகளை நானே ஒட்டவைத்திருந்தேன், 'ம்', 'அது வந்து' போன்றவற்றை என் காது கேட்காமலே தள்ளியிருந்தது. மொழியியல் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மொழியியலாளர்களுக்கு எது முக்கியம், பேச்சா எழுத்தா?

பாடப்புத்தகப் பதில்: பேச்சு. ஜெனீவாவில் பாடம் நடத்திய சொசூர், அவர் இறந்தபின் 1916இல் மாணவர்களும் சகாக்களும் தொகுத்து வெளியிட்ட விரிவுரைகளில், எழுத்து இருப்பதே பேச்சைக் காட்டுவதற்காகத்தான் என்கிறார். அமெரிக்கரான புளூம்ஃபீல்டு 1933இல் இன்னும் கறாராகவே எழுதினார்: எழுத்து என்பது மொழியே இல்லை, கண்ணுக்குத் தெரியும் குறிகளால் மொழியைப் பதிந்துவைக்கும் வழி, அவ்வளவுதான். காரணங்கள் வலுவானவை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமலே குழந்தை பேசிவிடுகிறது, எழுத்தைச் சொல்லித்தந்தே ஆகவேண்டும். எழுத்து தோன்றி சுமார் 5,000 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது, பேச்சு அதற்கு எத்தனையோ மடங்கு பழையது. இன்று உலகில் இருக்கும் சுமார் 7,000 மொழிகளில் ஏராளமானவற்றுக்கு எழுத்து மரபே கிடையாது.

ஆனால் வாயால் இப்படிச் சொல்லிக்கொண்டே, கையால் செய்தது வேறு. நீண்ட காலம் இலக்கணங்கள் எழுதப்பட்டது முற்றுப்புள்ளியோடு முடியும் முழு வாக்கியங்களை வைத்துத்தான். வாக்கியம் என்ற அலகே எழுத்திலிருந்து வந்ததோ என்று சந்தேகப்படும் மொழியியலாளர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சாவி தேடும் அந்தப் பதிவில் வாக்கியம் எங்கே முடிகிறது என்று கோடு போடச் சொன்னால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் போடுவார்கள்.

பேச்சு வழக்கு என்பது எழுத்து வழக்கு தேய்ந்து கெட்டுப்போன வடிவம்தானே?

இல்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் கோபமாகக் கேட்கும் கேள்வி இதுதான்.

'இலை' என்று எழுதுகிறோம், பேசும்போது பலருக்கு அது 'எல'. விலை 'வெல' ஆகிறது, குடை 'கொட', முகம் 'மொகம்', உடம்பு 'ஒடம்பு', நிலம் 'நெலம்'. சோம்பேறித்தனம் என்று தோன்றும். சரி, சோம்பேறித்தனம் என்றால் எல்லாச் சொல்லிலும் அல்லவா நடக்கவேண்டும்? 'இடி'யை யாரும் 'எடி' என்பதில்லை. 'முடி' 'மொடி' ஆவதில்லை, 'புளி' 'பொளி' ஆவதில்லை. கூர்ந்து பார்த்தால் விதி தெரிகிறது: முதல் அசையில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. அடுத்த அசையில் இகரம் இருந்தால் அசையாமல் நிற்கிறது. அதுமட்டுமில்லை, நடுவே மெய் இரண்டாக வந்தாலும் மாறாது, அதனால்தான் 'உண்மை' 'ஒண்மை' ஆகவில்லை, 'கிண்ணம்' 'கெண்ணம்' ஆகவில்லை.

இந்த விதியைப் பள்ளியில் யாரும் நடத்தவில்லை. தவறினால் மதிப்பெண் குறைவதில்லை. ஆனாலும் இப்படிப் பேசும் லட்சக்கணக்கானவர்கள் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். எழுதப்படாத இந்த ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதான் மொழியியலாளரின் வேலையில் பெரும்பகுதி. 'சரி', 'தப்பு' என்ற சொற்களை அவர்கள் அதிகம் பயன்படுத்தாததற்கும் காரணம் இதுவே: 'மொடி' என்று ஒருவர் சொன்னால் அது பேச்சு வழக்கிலும் தப்புதான், பேச்சுக்கும் தனக்கென்று தப்பு உண்டு.

வாக்கிய அமைப்பிலும் அப்படியே. தமிழில் வினை கடைசியில் வரும் என்று படித்திருப்போம். பேச்சில் 'எங்க வச்சேன் அந்தச் சாவிய?', 'வந்துட்டானா அவன்?' என்று வினைக்குப் பின்னால் பெயர் சாவகாசமாக வந்து உட்காரும். கேட்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லது ஊகிக்க முடியும் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும். புத்தம்புதிதாக ஒன்றைப் பேச்சுக்குள் கொண்டுவரும்போது இப்படிக் கடைசியில் போடுவது அரிது.

'இரட்டை வழக்கு' என்கிறார்களே, அது எல்லா மொழிக்கும் பொருந்துமா?

எல்லா மொழியிலும் எழுதுவதும் பேசுவதும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் சில மொழிகளில் இந்த வேறுபாடு இரண்டு தனி இலக்கணங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறது. அதற்கு 'டைகிளாசியா' என்ற பெயரைப் பிரபலமாக்கியது சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை. அவர் எடுத்துக்கொண்ட நான்கு: அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல். உயர் வழக்கு ஒன்று, தாழ் வழக்கு ஒன்று, எந்த இடத்தில் எது என்பது சமூகத்தில் எல்லாருக்கும் தெரியும், இடம் மாற்றிப் பயன்படுத்தினால் சிரிப்பார்கள். உயர் வழக்கு யாருக்கும் தாய்மொழி இல்லை, எல்லாரும் பிறகு கற்றுக்கொள்வதுதான். தமிழ் இந்த விவரிப்புக்குள் அப்படியே உட்காரும்.

இந்த நிலை நிரந்தரமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கிரேக்கத்தில் 1976இல் மக்கள் வழக்கையே அதிகாரப்பூர்வ மொழியாக ஆக்கினார்கள், அதற்கு முன் அது பெரிய அரசியல் சண்டையாகவே நடந்தது.

தொல்காப்பியத்தின் பாயிரம், நூலாசிரியர் எதை ஆராய்ந்தார் என்று சொல்லும்போது 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்கிறது. அதாவது மக்கள் வழங்குவது, செய்யுளில் இருப்பது, இரண்டும் தரவு. இதைப் படித்துவிட்டு 'அப்போதே பேச்சு மொழி ஆய்வு' என்று துள்ளவேண்டாம், ஏனென்றால் அதே நூல் 'மரபியல்' என்ற பகுதியில் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்று ஒரு வேலியும் போடுகிறது. யாருடைய பேச்சு கணக்கில் சேரும் என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள், இன்றைய மொழியியலாளர் வேறு பதில் வைத்திருக்கிறார்.

மைக்கை நீட்டினால் யாரும் இயல்பாகப் பேசமாட்டார்களே, பிறகு எப்படி?

இதற்குப் பெயரே உண்டு: 'நோக்குபவர் முரண்'. யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களைக் கவனித்தாக வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு இந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் லபோவ், அதைச் சுற்றிப்போக அவர் 1962இல் நியூயார்க்கில் செய்த வேலை இன்றும் வகுப்பில் சொல்லப்படும் கதை.

நியூயார்க்கில் அப்போது சிலர் சொற்களில் உயிருக்குப் பின்வரும் ரகரத்தை உச்சரித்தார்கள், சிலர் விழுங்கினார்கள். லபோவ் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார், ஒன்று பணக்காரர்களுக்கானது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவானது. நான்காவது மாடியில் என்ன சரக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கீழே நிற்கும் விற்பனையாளரிடம் அது எங்கே என்று கேட்பார். பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்றுதான் வரும், இரண்டு சொல்லிலும் ரகரம். காதில் விழாத மாதிரி 'என்ன?' என்று லேசாக முன்னால் சாய்வார். இப்போது விற்பனையாளர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். ஆக ஒரே ஆளிடம் அவசரப் பேச்சு, கவனமான பேச்சு இரண்டும் கிடைத்துவிட்டன. நகர்ந்து மறைவாகப் போய் நோட்டில் குறித்துக்கொள்வார். 264 பேர். கொஞ்சமாவது ரகரம் உச்சரித்தவர்கள் பணக்காரக் கடையில் 62%, நடுத்தரக் கடையில் 51%, மலிவுக் கடையில் 20%. விற்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேலை செய்பவர்கள்தான், ஆனால் யாருக்கு விற்கிறார்களோ அவர்கள் சாயல் பேச்சில் ஏறியிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது அந்த 'என்ன?' என்ற ஒரு சொல்தான், மொத்தச் சோதனையும் அதில் இருக்கிறது.

மற்ற வழிகளும் உண்டு. நீண்ட நேர்காணல் எடுத்து, நடுவில் 'உயிர் போய்விடும் என்று பயந்த சம்பவம் உண்டா?' மாதிரி ஏதாவது கேட்டால், சொல்லும் வேகத்தில் மைக் மறந்துபோகும். குழுவாகப் பேசவிட்டால் ஒருவரையொருவர் கவனிப்பதில் மைக்கை மறப்பார்கள். சிலர் பதிவுக் கருவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள், முதல் 10 நிமிடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள்.

தெரியாமல் பதிவு செய்யலாமா?

கூடாது. முன்பு அப்படிச் செய்ததுண்டு, இன்று பொதுவாக ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியும் பேசுபவரின் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்ய முடியாது. பிறகு மனம் மாறி 'அதை அழித்துவிடுங்கள்' என்றால் அழிக்கவேண்டும், பெயர்களையும் மாற்றவேண்டும்.

கேட்டதை எழுதுவதில் என்ன கஷ்டம்? காதில் விழுந்ததை எழுத வேண்டியதுதானே?

எந்த எழுத்தில்? 'கல்', 'அங்கே', 'பகல்' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்றிலும் மூன்று ஒலி, எழுத்து ஒன்று. தமிழுக்கு அது போதும், இடத்தை வைத்து ஒலி தெரிந்துவிடும். ஆனால் ஒலியை ஆராய்கிறவருக்குப் போதாது. 'மரம்' என்பதை வீட்டில் பேசுவதுபோலச் சொல்லும்போது உதடு கடைசியில் மூடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பலருக்கு மூடாது, மகரம் மறைந்து அதற்கு முன்னால் உள்ள உயிர் மூக்கு வழியாக ஒலிக்கும், உயிரும் ஒகரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். அதை எழுதத் தமிழில் எழுத்து இல்லை. இதற்காகத்தான் 1886இல் பாரிஸில் தொடங்கிய ஒலியியல் சங்கம், ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற நோக்கில் பன்னாட்டு ஒலிக்குறி வரிசையை உருவாக்கியது. முதல் வடிவம் 1888இல் வந்தது, இன்றுவரை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒலி ஒரு பக்கம். உரையாடலை ஆராய்கிறவர்களுக்கு நேரமும் வேண்டும். கெய்ல் ஜெஃபர்சன் உருவாக்கிய குறிமுறை அதற்கானது, பெரும்பாலும் சாதாரணத் தட்டச்சுக் குறிகளே. சாவிப் பதிவின் ஒரு துண்டு இப்படி வரும்:

அ: எங்க வச்ச (0.4) அந்தச் சாவிய
ஆ: ம்ம்:: அது வந்து- அலமாரி மேல[தான
அ: [இல்லயே

அடைப்புக்குள் இருப்பது அமைதியின் நீளம், நொடிக் கணக்கில். இரட்டைப் புள்ளிகள் ஒலி இழுபடுவதைக் காட்டும். சிறு கோடு பேச்சு வெட்டுப்பட்ட இடம். சதுர அடைப்பு ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவரும் பேசத் தொடங்கிய இடம். அந்த 'இல்லயே' 'தான' முடியும் வரை காத்திருக்கவில்லை என்பதைப் பாருங்கள். 'அலமாரி மேல' என்று கேட்ட உடனே மறுப்பு தயாராகிவிட்டது. சாதாரணமாக எழுதியிருந்தால் இந்த அவசரம் தாளில் இருந்திருக்காது, நாடக வசனம் மாதிரி ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசியிருப்பார்கள்.

ஆனால் எவ்வளவு குறி போட்டாலும் இதுவும் பேச்சு ஆகிவிடாது. எதைக் குறிப்பது, எதை விடுவது என்பது எழுதுபவர் கையில். 'வச்ச' என்று எழுதவா 'வெச்ச' என்று எழுதவா என்பதே ஒரு முடிவுதான். அதனால் எப்போதும் மூலப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்யச் சொல்வார்கள்.

'ம்', 'அது வந்து' எல்லாம் குப்பைதானே, ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

பேசுபவர் தடுமாறுவதன் மிச்சம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2002இல் கிளார்க், ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் ஆங்கிலப் பதிவுகளை வைத்து, 'அஹ்' வந்தால் பின்னால் சிறிய தாமதமும், 'உம்' வந்தால் பெரிய தாமதமும் வருவதாகக் காட்டினார்கள். அப்படியானால் இவை கேட்பவருக்குக் கொடுக்கும் தகவல்: கொஞ்சம் இரு, இன்னும் முடிக்கவில்லை, பேச்சைப் பிடுங்காதே. இந்த முடிவோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு, இவை வெறும் அறிகுறிகள்தான், வேண்டுமென்று அனுப்பும் சைகைகள் இல்லை என்பது அவர்கள் வாதம்.

பேச்சைப் பிடுங்குவது என்றதும் இன்னொன்று. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு நடுவே எவ்வளவு இடைவெளி? உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளில் கேள்விகளையும் பதில்களையும் எடுத்து அளந்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் எல்லாமே அதன் அக்கம்பக்கத்தில்தான். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே வாயில் சொல் வர அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியிருக்க ஐந்தில் ஒரு பங்கில் எப்படிப் பதில் வருகிறது? எதிராளி முடிப்பதற்கு முன்பே, எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலைத் தயார்செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். மேலே அந்த 'இல்லயே' முந்திக்கொண்டதும் இப்படித்தான்.

எழுத்தை எப்படி ஆராய்கிறார்கள்? அதுதான் அசையாமல் இருக்கிறதே?

எழுதி முடித்தது அசையாது, எழுதுவதும் படிப்பதும் அசையும். படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது, ஒவ்வொரு நிறுத்தமும் பெரும்பாலும் ஒரு நொடியில் கால்பங்கு அளவு. கண் எங்கே நின்றது, எங்கே திரும்பிப் போனது என்று கேமரா வைத்து அளக்கிறார்கள். எழுதுவதை ஆராய, தட்டச்சில் ஒவ்வொரு விசையும் அழுத்தப்பட்ட நேரத்தைப் பதிவு செய்கிறார்கள், அடித்துத் திருத்தியதும் யோசித்து நின்றதும் தெரிந்துவிடும்.

முடிந்த எழுத்துக்குத் தரவகம், அதாவது கார்பஸ்: ஆராய்வதற்காகத் திரட்டிவைத்த பிரதிகளின் தொகுப்பு. 1960களில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ், குசேரா இருவரும் 1961இல் அச்சான அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து தலா 2,000 சொல் கொண்ட 500 துண்டுகளை எடுத்து, 10 லட்சம் சொற்களைக் கணினியில் ஏற்றினார்கள். 1990களில் வந்த பிரிட்டிஷ் தேசியத் தரவகம் 10 கோடி சொற்கள். அதில் 90% எழுத்து, 10% மட்டும் பேச்சு. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று மேலே சொன்னேனே.

பேச்சு எளிமை, எழுத்து சிக்கல். இது சரியா?

பாதி. மைக்கேல் ஹாலிடே சொன்னது எனக்குப் பிடித்த விளக்கம்: இரண்டும் சிக்கல்தான், சிக்கல் இருக்கும் இடம் வேறு. எழுத்து பொருளுள்ள சொற்களை நெருக்கி அடுக்கும், 'விலை உயர்வுக்கு எதிரான போராட்டத்தின் தோல்வி' என்பதில் ஒரு வினைகூட இல்லாமல் முழுக் கதையும் பெயர்களுக்குள் சுருண்டிருக்கிறது. பேச்சில் அதையே 'விலைய ஏத்திட்டாங்கன்னு போராடினாங்க, ஆனா ஒண்ணும் நடக்கல' என்று வினை வினையாகக் கோத்துக்கொண்டு போவோம். சொற்கள் இளகிவிட்டன, ஆனால் இலக்கணச் சங்கிலி நீண்டுவிட்டது.

அப்புறம், பேச்சு, எழுத்து என்று இரண்டு டப்பாக்களும் கிடையாது. டக்ளஸ் பைபர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் 23 வகைகளைச் சேர்ந்த 481 ஆங்கிலப் பிரதிகளை எடுத்து, 67 மொழிக்கூறுகள் எவ்வளவு வருகின்றன என்று கணினியில் எண்ணினார். எழுத்து மொத்தம் ஒரு பக்கம், பேச்சு மொத்தம் மறுபக்கம் என்று பிரியவே இல்லை. நண்பருக்கு எழுதிய கடிதம் உரையாடலுக்குப் பக்கத்தில் போய் நின்றது, தயாரித்துப் பேசிய சொற்பொழிவு எழுத்தின் பக்கம் நகர்ந்தது. காதா கண்ணா என்பதைவிட, யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது, எதிரில் இருப்பவர் யார் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

ஒலிப்பதிவே இல்லாத காலத்தில் எப்படிப் பேசினார்கள் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார், 1890இல் அமெரிக்கப் பழங்குடியான பாசமக்வாடி மக்களின் பேச்சையும் பாட்டையும் மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். அதற்கு முன்னால் காற்றோடு போனதுதான். மிச்சம் இருப்பது எழுத்து மட்டுமே, அதிலும் மொழியியலாளர் விரும்புவது பிழையான எழுத்தை. ஒழுங்காக எழுதியவர் தன் பேச்சை மறைத்துவிடுகிறார், தப்பாக எழுதியவர்தான் காட்டிக்கொடுக்கிறார்.

லத்தீனில் யாரோ ஒரு வாத்தியார் சலித்துப்போய் எழுதிய பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது, 'புரோபுஸ் பின்னிணைப்பு' என்பார்கள். 'ஸ்பெகுலும் என்று எழுது, ஸ்பெக்லும் அல்ல', 'மென்சா என்று எழுது, மேசா அல்ல' என்று இருநூற்றுச் சொச்சம் வரிகள். அவர் எதை எழுதாதே என்றாரோ அதைத்தான் மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைய ஸ்பானிஷில் மேசைக்குப் பெயர் 'மேசா'. வாத்தியார் தோற்றார், நமக்குச் சான்று கிடைத்தது.

தமிழ்க் கல்வெட்டுகளிலும் இது நிறைய. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன், தானும் தன் அக்காவும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்லும் 11ஆம் நூற்றாண்டு ஆணை, 'நாம் குடுத்தனவும்' என்று தொடங்கி ஒவ்வொரு இடத்திலும் 'குடுத்தன' என்றே போகிறது. 'கொடுத்தன' இல்லை. இன்று நாம் பேசும் 'குடுத்த'தான், 1,000 ஆண்டுக்கு முன்பே, அரசன் பெயரில், கல்லில். பேச்சு வழக்கு நேற்றுக் கெட்டுப்போனது என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எழுதப் படிக்கக் கற்றால் நம் காது மாறுமா?

மாறும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில், போர்ச்சுகலில் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலும் முடியவில்லை. அதே பின்னணியில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்களுக்கு வந்தது. மெய்யைத் தனியாக, உயிரைத் தனியாகக் கேட்பது பிறவியில் வருவதில்லை, எழுத்து சொல்லித்தருவது என்றாகிறது. 'கி' என்பதில் எத்தனை ஒலி என்று தமிழ் படித்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து என்று சட்டென வரும், கொஞ்சம் யோசித்தால் க், இ என்று பிரிப்பார். அந்தப் பிரிப்பு உயிர், மெய் என்று யாரோ கற்றுத்தந்ததால் வந்தது. அதனால்தான் மொழியியல் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வேலை, எழுத்தைக் காதிலிருந்து கழற்றுவது. சுலபமில்லை.

சைகை மொழிக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்கு ஒலியன்களைப் (சொல்லுக்குச் சொல் பொருளை வேறுபடுத்தும் ஒலிகளைப்) போன்ற கூறுகள் உண்டு என்று காட்டிய பிறகு அது முழு மொழியாக ஆராயப்படுகிறது. பரவலாகப் புழங்கும் எழுத்து அதற்கு இல்லை, ஆகவே ஆய்வு முழுக்க வீடியோதான். கை, முகம், பார்வை எல்லாம் ஒரே சமயத்தில் பொருள் தருவதால் கேட்டு எழுதுவதைவிடப் பார்த்து எழுதுவது இன்னும் கஷ்டம்.

சாட்டில் எழுதுவது பேச்சா, எழுத்தா?

விரலால் பேசுவது என்றுகூடச் சொல்லலாம். உடனடிப் பதில் எதிர்பார்க்கிறோம், ஆனால் குரலும் முகமும் இல்லை, அந்த வேலையை வேறு எதுவோ செய்யவேண்டும். 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி வைத்தால், குறுஞ்செய்தியில் அது மனசார சொன்னதுபோல் இல்லை என்று படித்தவர்கள் நினைத்தார்கள். அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது அப்படி வேறுபாடு தெரியவில்லை. 'சரி' என்பதற்கும் 'சரி.' என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தமிழில் இன்னொரு வேடிக்கை. ரோமன் எழுத்தில் அடிக்கும்போது யாரும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று அடிப்பதில்லை, 'வந்துட்ருக்கேன்'தான். எழுத்து மாறியதும் பள்ளி வாத்தியார் அறையை விட்டுப் போய்விடுகிறார்.

இப்போது கணினியே கேட்டு எழுதித் தருகிறதே, மனிதர் எதற்கு?

முதல் வரைவுக்கு நன்றாகவே உதவும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த மென்பொருள்கள் படிக்க நன்றாக இருக்கும் எழுத்தைத் தரப் பழக்கப்பட்டவை. 'ம்ம்' போய்விடும், திரும்பச் சொன்னது போய்விடும், 'வச்ச' என்பது 'வைத்த' ஆகிவிடும். சில சமயம் யாரும் பேசாத அமைதியில் முழு வாக்கியத்தையே கற்பனை செய்து எழுதிவிடும். முதல் தடவை நான் செய்த தப்பு எல்லாவற்றையும் அது சில நொடிகளில் செய்துவிடுகிறது.

நானே முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. பேசுபவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு உரையாடலைப் பதிவு செய்யுங்கள், அதில் 30 நொடி போதும். அலைவடிவம் பார்க்கவும் அமைதியை அளக்கவும் ஆம்ஸ்டர்டாமில் உருவான 'பிராட்' என்ற மென்பொருள் இலவசம், வீடியோ என்றால் 'எலான்' இலவசம். மூன்று நான்கு நொடித் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து தடவை கேட்டு எழுதுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். புரிந்ததை எழுதாமல் கேட்டதை எழுதுங்கள், புரியாத இடத்தில் ஊகிக்காமல் வெற்று அடைப்பு போட்டுவிட்டு நகருங்கள். முதல் வரைவை அழிக்காமல் தேதி போட்டு மூடிவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதைப் பார்க்காமல் அதே 30 நொடியை மறுபடி எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.